மில்லிவோல்ட்டிலிருந்து நியூட்டன் வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விசையையும் முறுக்குவிசையையும் அளக்கும் சென்சார்களை அவற்றின் சிறு மின் சிக்னலை எண்ணாக மாற்றும் அடாப்டர் வழியாகக் கணினியுடன் இணைப்பது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் கடையில் ஒரு லோடு செல் வாங்கினேன். நான்கு ஒயர்கள் இருக்கின்றன. நிறங்கள் மங்கிவிட்டன, பெயர்த்தகடும் இல்லை. எந்த ஒயரை அடாப்டரின் எந்த முனையில் இணைப்பது? (பாலிடெக்னிக் மாணவர், மதுரை)

பதில்: ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். லோடு செல் என்பது சுமையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார். அதன் உலோக உடலில் ஒட்டப்பட்டிருக்கும் நான்கு திரிபுமானிகள் (உலோகம் வளையும்போது மின்தடை மாறும் மெல்லிய பட்டைகள்), ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களைப்போல, வீட்ஸ்டன் பாலமாக இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளிலிருந்துதான் உங்கள் நான்கு ஒயர்களும் வெளியே வருகின்றன. எதிரெதிரான இரண்டு மூலைகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், மற்ற இரண்டு மூலைகளில் சிக்னல் கிடைக்கும். முன்னதை எக்சைட்டேஷன் சோடி என்பார்கள்.

நான்கு ஒயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு சோடிகள் வரும். ஆறின் மின்தடையையும் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிகப் பரவலாகக் கிடைக்கும் 350 ஓம் திரிபுமானிகளால் ஆன பாலமாக இருந்தால், எதிரெதிர் மூலைகளுக்கிடையே 350 ஓமும், அடுத்தடுத்த மூலைகளுக்கிடையே 262.5 ஓமும் வரவேண்டும் என்பது கணக்கு. எனவே ஆறு அளவுகளில் நான்கு சிறியவையாகவும் இரண்டு பெரியவையாகவும் இருக்கும். அந்தப் பெரிய இரண்டும்தான் நீங்கள் தேடும் சோடிகள். வெப்பநிலையை ஈடுசெய்யும் சிறு மின்தடைகளைத் தயாரிப்பாளர்கள் எக்சைட்டேஷன் பாதையில் சேர்த்துவிடுவதால், பெரும்பாலான லோடு செல்களில் அந்தச் சோடி 380 முதல் 420 ஓம் வரை காட்டும், சிக்னல் சோடி 350 ஓமை ஒட்டி நிற்கும். ஆகவே இரண்டில் பெரியதை எக்சைட்டேஷன் என்று கொள்ளலாம். நேர் எது, எதிர் எது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இணைத்தபின் அழுத்தும்போது அளவு எதிர்க்குறியில் போனால், சிக்னல் ஒயர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

சிவப்பும் கருப்பும் எக்சைட்டேஷன், பச்சையும் வெள்ளையும் சிக்னல் என்ற நிறமுறை பரவலாக இருந்தாலும், அது எல்லாத் தயாரிப்பாளர்களும் பின்பற்றும் விதியன்று. நிறம் தெளிவாக இருக்கும்போதும் அளந்து பார்ப்பதே நல்லது. பழைய செல் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். எந்த ஒயருக்கும் உலோக உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் எந்த இணைப்பையும் காட்டக்கூடாது. காட்டினால் பெரும்பாலும் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். இதைச் சோதிக்க, வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படுத்தும் 500 வோல்ட் மின்காப்புச் சோதனைக் கருவியான மெகரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். திரிபுமானிக்கும் உலோகத்துக்கும் இடையே இருக்கும் மெல்லிய பசைப்படலம் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதன்று.

கேள்வி: 100 கிலோ லோடு செல்லின் சான்றிதழில் 2 மில்லிவோல்ட்/வோல்ட் என்று இருக்கிறது. அதையே அடாப்டரின் மென்பொருளில் பதிந்தேன். ஆனால் சரிபார்க்கப்பட்ட 20 கிலோ எடைக்கல்லை வைத்தால் 19.8 கிலோதான் காட்டுகிறது. பழுது சென்சாரிலா, அடாப்டரிலா? இடையில் 20 மீட்டர் கேபிளை நானே சேர்த்தேன். (பட்டறை உரிமையாளர், கோவை)

பதில்: கேபிளைப் பற்றிய அந்தக் கடைசி வரியை எழுதியதற்கு நன்றி, விடை அதில்தான் இருக்கிறது. பழுது பெரும்பாலும் இரண்டிலும் இல்லை.

2 மில்லிவோல்ட்/வோல்ட் என்றால், எக்சைட்டேஷனாகக் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும், முழுச் சுமையில் 2 மில்லிவோல்ட் சிக்னல் வரும் என்று பொருள். 5 வோல்ட் கொடுத்தால் 100 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட், உங்கள் 20 கிலோவுக்கு 2 மில்லிவோல்ட். இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தைத்தான் நாம் எடையாக வாசிக்கிறோம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பிறகு வரும் எல்லாச் சிக்கல்களும் எளிதில் விளங்கும்.

நீங்கள் சேர்த்தது 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.0875 ஓம். எக்சைட்டேஷன் மின்னோட்டம் போய்த் திரும்பும் தூரம் 40 மீட்டர் என்பதால் மொத்தம் 3.5 ஓம். 350 ஓம் பாலத்துடன் இது தொடரிணைப்பில் சேர்வதால், அடாப்டர் கொடுக்கும் 5 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு கேபிளிலேயே விழுந்துவிடுகிறது. பாலத்துக்குப் போய்ச் சேர்வது 4.95 வோல்ட். சிக்னலும் அதே விகிதத்தில் குறையும். 20 கிலோ 19.8 கிலோவாகத் தெரிவது இதனால்தான். சிக்னல் ஒயர்களின் நீளம் இந்தத் தவறில் பங்கேற்பதில்லை. அவற்றில் மின்னோட்டம் ஏறத்தாழ ஓடுவதேயில்லை.

மென்பொருளில் 2-க்குப் பதிலாக 1.98 என்று பதிந்தால் எண் சரியாகிவிடும், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு 0.39 விழுக்காடு ஏறுகிறது. விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் தகரக் கூரைக்குக் கீழே 15 டிகிரி வேறுபாடு இருந்தால், உங்கள் கேபிளின் தடை 0.2 ஓம் மாறும். 100 கிலோ சுமையில் அது ஏறத்தாழ 60 கிராம். இதற்கு உண்மையான தீர்வு ஆறு ஒயர் இணைப்பு. கூடுதலாக வரும் இரண்டு சென்ஸ் ஒயர்கள், பாலத்தின் வாசலில் உண்மையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை அடாப்டருக்குத் தெரிவிக்கின்றன. அடாப்டர் அதற்கேற்ப ஈடுசெய்துகொள்கிறது. உங்கள் லோடு செல் நான்கு ஒயர் கொண்டதாக இருந்தாலும், அதன் சொந்தக் கேபிள் முடியும் இடத்தில் ஒரு சந்திப்புப் பெட்டி வைத்து, அங்கிருந்து அடாப்டர் வரை ஆறு ஒயர் கேபிளை இழுத்து, சென்ஸ் ஒயர்களை அந்தப் பெட்டியில் எக்சைட்டேஷனுடன் இணைத்துவிடலாம். அடாப்டரில் சென்ஸ் முனைகள் இருந்தும் பயன்படுத்தவில்லை என்றால், அவற்றை அங்கேயே எக்சைட்டேஷன் முனைகளுடன் குறுக்கிணைப்பு செய்யவேண்டும். எதனோடும் சேர்க்காமல் விட்டால் அளவு நிலையில்லாமல் அலையும். நான்கு ஒயர் செல்லின் சொந்தக் கேபிளை நீளம் அதிகம் என்று வெட்டவும் கூடாது, ஏனெனில் சான்றிதழின் எண் அந்த நீளத்தையும் சேர்த்துத்தான் அளக்கப்பட்டது.

கேள்வி: ஹெச்.எக்ஸ். 711 என்ற சிப் உள்ள அடாப்டர் பலகையுடன் இணைத்த லோடு செல், பக்கத்தில் மோட்டாரின் வேகக்கட்டுப்பாட்டு டிரைவ் ஓடும்போது தாறுமாறாகக் குதிக்கிறது. என்ன செய்யலாம்? (பொறியியல் கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: சென்சார் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து விலக்கித் தனிக் குழாயில் கொண்டுபோங்கள்; இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். கேபிளின் ஷீல்டை (ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையை) அடாப்டர் பக்கத்தில் மட்டும் நிலத்துடன் இணைத்துப் பாருங்கள். அந்தச் சிப் நொடிக்கு 10 அல்லது 80 முறை அளக்கக்கூடியது. நொடிக்கு 10 என்ற அமைப்பில் அது 50 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சலைத் தானாகவே வடிகட்டிவிடும். 24 பிட் என்று விளம்பரத்தில் இருப்பதைக் கண்டு கடைசி இலக்கம் வரை நம்பவேண்டாம். அதன் கடைசிப் பல பிட்டுகள் வெறும் இரைச்சல். மேலும், மின்சாரம் கொடுத்தவுடன் வரும் அளவை எழுதாமல், சென்சார் சூடாகி நிலைபெற அரை மணி நேரம் கொடுங்கள்.

கேள்வி: ஐந்து குதிரைத்திறன் பம்பு மோட்டாரைச் சோதிக்க டார்க் (முறுக்குவிசை) சென்சார் வாங்க எண்ணுகிறோம். 25 நியூட்டன் மீட்டர் சென்சார் போதுமா? அதை நாங்களே அளவுதிருத்தம் செய்ய முடியுமா? (பம்புத் தயாரிப்பில் இருப்பவர், கோவை)

பதில்: ஐந்து குதிரைத்திறன் என்பது 3.7 கிலோவாட். நிமிடத்துக்கு 2880 சுற்றில் அதற்குரிய முறுக்குவிசை சுமார் 12.3 நியூட்டன் மீட்டர். அந்தக் கணக்கில் 25 தாராளம் என்றே தோன்றும். ஆனால் நேரடியாக லைனில் இணைத்துக் கிளப்பும்போது, மோட்டார் தன் இயல்பு முறுக்குவிசையைப்போல இரண்டு, மூன்று மடங்கை ஒரு கணம் கொடுக்கும். ஆகவே 50 நியூட்டன் மீட்டர் சென்சாரை வாங்குங்கள் என்பதே என் கருத்து. இதற்கு ஒரு விலை உண்டு. முழு அளவில் 0.1 விழுக்காடு பிழை என்று குறிக்கப்பட்ட 50 நியூட்டன் மீட்டர் சென்சாரில் அந்தப் பிழை 0.05 நியூட்டன் மீட்டர். நீங்கள் அளக்கும் 12.3-இல் அது 0.4 விழுக்காடாகிவிடும். இந்த இழப்பு ஏற்கத்தக்கதல்ல என்றால், மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் ஸ்டார்ட்டரைப் போட்டு, 25-லேயே நிற்கலாம்.

அளவுதிருத்தத்தை நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும். சென்சாரின் ஒரு முனையை அசையாமல் பூட்டி, மறுமுனையில் இருபுறமும் சம நீளமுள்ள கைகள் கொண்ட ஒரு சட்டத்தைப் பொருத்துங்கள். சட்டத்தின் சொந்த எடை இருபுறமும் சமன்பட்டுவிடும். அந்த நிலையில் மென்பொருளைப் பூச்சியமாக்கிவிட்டு, அச்சிலிருந்து சரியாக 0.5 மீட்டர் தூரத்தில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் 4.89 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு கிலோவாக ஐந்து வரை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக இறக்கி, இரு வழியிலும் அளவுகளைக் குறியுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எடைக்கு வேறு வேறு எண் வந்தால், பூட்டில் தளர்வோ எங்கோ உராய்வோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மென்பொருளில் எண்ணைத் திருத்துவதில் பயனில்லை.

4.89 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பாடநூல்களில் வரும் 9.80665 என்ற புவியீர்ப்பு முடுக்கம் உலகத்துக்கெல்லாம் பொதுவாக வகுத்துக்கொண்ட எண். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு குறைவு; நம் கோவையில் அது ஏறத்தாழ 9.78. பாடநூல் எண்ணைப் போட்டால் உங்கள் முறுக்குவிசைக் கணக்கு முழுவதும் 0.27 விழுக்காடு தவறாகும், அதுவும் எப்போதும் ஒரே திசையில். சட்டம் கிடைமட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஐந்து டிகிரி சாய்ந்தாலே 0.4 விழுக்காடு குறையும். பக்கவாட்டில் தொங்கும் எடை சென்சாரை வளைக்கவும் செய்யும் என்பதால், சட்டத்துக்கு அருகில் ஒரு நல்ல பேரிங் தாங்கல் கொடுங்கள். மென்பொருளின் அலகுப் பட்டியலில் கிலோகிராம் விசை மீட்டர் என்பதைத் தவறித் தேர்ந்தெடுத்துவிட்டால், எண் பத்தில் ஒரு பங்காகத் தெரியும்.

இந்த அளவுதிருத்தம் சென்சாருக்கு மட்டும் உரியதன்று. அந்தச் சென்சார், அந்தக் கேபிள், அந்த அடாப்டர் மூன்றும் சேர்ந்த தொடருக்கு உரியது. மூன்றில் ஒன்றை மாற்றினாலும் மறுபடி எடைக்கல்லைத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: அடாப்டரிலிருந்து ஆர்.எஸ். 485 இணைப்பு வழியாக மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறையில் எண்ணைப் படிக்கிறேன். அடாப்டரின் திரையில் சரியான எடை தெரிகிறது. கணினியில் மட்டும் ஏறக்குறைய பூச்சியமாகவோ பொருளற்ற எண்ணாகவோ வருகிறது. (மென்பொருள் பணியாளர், ஓசூர்)

பதில்: இணைப்பு சரி, வரிசைதான் தவறு. பதின்மப் புள்ளி கொண்ட 32 பிட் எண், இரண்டு 16 பிட் பதிவேடுகளில் பிரித்து அனுப்பப்படுகிறது. எந்தப் பாதி முதலில் வரும் என்பது அடாப்டருக்கு அடாப்டர் மாறும். உங்கள் நிரலில் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிச் சேருங்கள்.

கேள்வி: ஒரு டன் லோடு செல், கிரேனில் அதிர்ச்சிச் சுமை பட்டபின், சுமையே இல்லாமல் 80 கிலோ காட்டுகிறது. டேர் பொத்தானை அழுத்தினால் பூச்சியமாகிறது, எடையும் சரியாக வருகிறது. தொடர்ந்து பயன்படுத்தலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கூடாது. அடாப்டரின் டேரை நீக்கிவிட்டு, சுமையில்லாத நிலையில் வரும் மில்லிவோல்ட்/வோல்ட் அளவை வாங்கியபோது வந்த சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். முழு அளவில் எட்டு விழுக்காடு இடம்பெயர்ந்திருப்பது, உள்ளே இருக்கும் உலோகம் மீள முடியாத அளவுக்கு வளைந்துவிட்டதன் அடையாளம். டேர் அந்த அடையாளத்தைத் திரையிலிருந்து மறைக்கிறதே தவிர, உலோகத்தை நேராக்குவதில்லை. இன்று எடை சரியாக வருவது, அடுத்த தூக்கலில் அது தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. கிரேனிலிருந்து அதை இன்றே இறக்கி, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியே வைத்துவிட்டு, கொக்கியையும் சங்கிலியையும்கூடத் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதியுங்கள். செல்லை வளைத்த அதே அதிர்ச்சி அவற்றின் வழியாகத்தான் வந்தது.