பழைய படகு எஞ்சினின் புரொப்பெல்லரை வைத்துத் தோட்டத்து ஓடையில் கரண்ட் எடுக்கலாமா?

நீர்கொழும்பில் மலிவாகக் கிடைத்த அவுட்போர்ட் எஞ்சினின் (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) கீழ்க்கால் பகுதியை, அதாவது புரொப்பெல்லர் உள்ள கீழ்ப்பாகத்தை, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே 40 மீட்டர் இறங்கி வரும் ஓடையில் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டினால் சுற்றும். ஆனால் உங்கள் ஓடைக்கு அது பொருந்தாது.

ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு செக்கனில் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 9.8 வாட். உங்கள் ஓடையில் செக்கனுக்கு வருவதாக நீங்கள் சொல்லும் 5 லீட்டர், 40 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 1,960 வாட். பாதி வீணானாலும் ஒரு கிலோவாட் கைக்கு வரும். அதே சக்தியை ஒன்றரை மீட்டர் உயரத்தில் எடுக்க, செக்கனுக்கு 130 லீட்டருக்கு மேல் வேண்டும். புரொப்பெல்லர் அப்படிப்பட்ட இடத்துக்கு உரியது: உயரம் குறைவு, தண்ணீர் நிறைய. மலையகத்தில் நம்மிடம் இருப்பது உயரம்.

இன்னொன்று, படகின் இதழ் தண்ணீரைத் தள்ளுவதற்கென்றே வளைத்தது. தண்ணீரை முன்பக்கமாக விட்டால் வளைவு தலைகீழாகிவிடும், பின்பக்கமாக விட்டால் இதழின் முன்விளிம்பும் பின்விளிம்பும் இடம் மாறிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் நட்டம்தான்.

அதற்காக அந்தக் கீழ்க்கால் பகுதியைத் தூக்கிப் போட வேண்டாம். அதற்குள் இருக்கும் பல்சக்கரம் அருமையான பொருள். எஞ்சின் ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றும். தலைகீழாக, புரொப்பெல்லர் பக்கமிருந்து ஓட்டினால் வேகம் இரட்டிப்பாகும். பெரிய வாய்க்காலோ அணைக்கட்டோ உள்ள இடத்தில் யாராவது கேட்டால் கொடுங்கள். அதற்கு முன் எண்ணெய்த் திருகைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

உங்களுக்கு வேண்டியது பெல்டன் சக்கரம்: குழாய் முனையிலுள்ள சிறு துளையிலிருந்து (நாசில்) பீறிடும் தண்ணீர், சுற்றிலும் உள்ள கிண்ணங்களில் அடித்துச் சுற்றவைக்கும் சக்கரம். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றை ஓட்டியதும் இப்படி மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்தான். 40 மீட்டருக்கு ஏறக்குறைய 16 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு வந்துவிடும், வேகத்தைக் கூட்ட பெல்ட்டே வேண்டாம். நேரே ஒரு மூன்று ஃபேஸ் மோட்டாரோடு இணைத்து, கெப்பாசிட்டர் போட்டு ஜெனரேட்டராக ஓட்டலாம். குழாயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2 அங்குலக் குழாயில் அழுத்தத்தின் நல்ல பங்கு உராய்விலேயே போய்விடும், 110 மி.மீ. போடுங்கள். லைட்டை எல்லோரும் அணைத்தால் சக்கரம் கண்டபடி வேகமெடுக்கும். மிச்சக் கரண்டை ஹீட்டருக்குத் திருப்பும் கன்ட்ரோலர் இல்லாமல் வீடுகளுக்கு வயர் இழுக்கவே கூடாது.

அப்புறம், லயத்துப் பீலிக்கும் (எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடம்) அதே ஓடைத் தண்ணீர்தான் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பீலிக்குப் பிரியும் இடத்துக்குக் கீழேதான் நீங்கள் தண்ணீர் எடுக்க வேண்டும். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, குடிதண்ணீர்தான் முதலில். துரையிடமும் (தோட்ட மேலாளர்) முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நீங்கள் சொன்ன 5 லீட்டர் எந்த மாதத்துக் கணக்கு? மழைக்காலத்தில் அளந்ததென்றால் நம்ப முடியாது. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் ஒரு வாளியும் போன் கடிகாரமும் கொண்டுபோய் மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள். நாசில் துளை எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.