தீவுக்குப் போனது இரண்டு குடும்பம், கடன் ஒரு குடும்பத்துக்கு

கேள்வி: வணக்கம். ஜெர்மனியில் பதினாறு வருடமாக இருக்கிறோம். எனக்குக் கையில் வருவது 2,600 யூரோ, மனைவி பகுதி நேர வேலையில் 1,100. பிள்ளைகள் இருவர், மாமியும் எங்களோடுதான். ஒவ்வொரு கோடையிலும் மச்சான் (மனைவியின் அண்ணன்) குடும்பத்தோடு சேர்ந்து கிரேக்கத் தீவுகளுக்குப் போவது வழக்கம். முந்தின வருடம் கோர்ஃபு, போன வருடம் கிரீட்டும் சாந்தோரினியும். எல்லாவற்றையும் நான்தான் புக் பண்ணுவேன், கணக்கு பிறகு பார்ப்போம். மச்சான் கோர்ஃபுக்கு 1,800, போன வருடத்துக்கு 3,000 தரவேண்டி இருக்கிறது. டிஸ்போ, அதாவது வங்கிக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க விடும் எல்லை, 6,000 வரை. இப்போது மைனஸ் 5,400, வட்டி 12 வீதம். இந்த ஜூலையில் ரோட்ஸும் பட்மோஸும் என்று மச்சான் சொல்கிறார். நான்கு நட்சத்திர ஹோட்டலில் பத்துப் பேருக்கு, பத்து இரவுக்கு 11,000 யூரோ, மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். 12,000 யூரோ ராட்டன்கிரெடிட் (மாதத் தவணைக் கடன்) எடுத்து, டிஸ்போவையும் அடைத்து, மீதியில் போய்வரலாமா? கிரீட்டில் ஒரு நிறுவனம் விடுமுறை வீட்டில் டைம்ஷேர் பங்கு (வருடத்தில் சில நாள் தங்கும் உரிமை) தருவதாகச் சொன்னது. 16,000 யூரோ, இரண்டு குடும்பமும் பாதி பாதி. அது லாபமா? மச்சானிடம் காசு கேட்க மனைவிக்கு விருப்பமில்லை. எங்களை இங்கே கூப்பிட்டு விட்டவரே அவர்தான். பயணத்துக்கென்று 3,200 ஒதுக்கி வைத்திருக்கிறோம், ஜூனில் விடுமுறைப் பணம் 1,300 வரும்.

பதில்: முதலில் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். மச்சான் தரவேண்டியது 1,800 உம் 3,000 உம், ஆக 4,800. கோர்ஃபுப் பணத்துக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் வருட வட்டி, போன வருடப் பணத்துக்கு முக்கால் வருட வட்டி. 12 வீதத்தில் தோராயமாக 380 உம் 270 உம், சேர்த்து 650. மொத்தம் 5,450. உங்கள் கணக்கில் நிற்கும் மைனஸ் 5,400.

அதாவது உங்கள் வீட்டு ஐந்து பேரின் விடுமுறைக்கு நீங்கள் ஒரு சதம்கூடக் கடன் படவில்லை. அதைச் சம்பளத்திலிருந்தே கட்டி முடித்துவிட்டீர்கள். டிஸ்போவில் இருப்பது முழுவதும் மச்சான் குடும்பத்தின் இரண்டு கோடையும் அதன் வட்டியும்தான். நீங்கள் உங்களையே செலவாளி என்று குறை சொல்லிக்கொள்ளலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

மாதம் 54 யூரோ வட்டி போகிறது, வருடத்துக்கு 650. அதோடு, நீங்கள் கடிதத்தில் எழுதாத சில்லறைகளும் இருக்கின்றன. கிரீஸில் தங்குமிடத்துக்கு ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு என்று காலநிலை வரி உண்டு. 2025 இலிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நான்கு நட்சத்திர ஹோட்டலில் 10 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5 யூரோ. இது பெரும்பாலும் புக் பண்ணும் விலையில் வராது, வரவேற்பு மேசையில்தான் கேட்பார்கள். பத்துப் பேருக்கு நான்கு அறை, பத்து இரவு என்றால் 400 யூரோ. அந்த மேசையில் கார்டை நீட்டுவது யார்? பெயர் கொடுத்துப் புக் பண்ணியவர்தான். கப்பல் டிக்கெட், வாடகைக் கார், நுழைவுச் சீட்டு எல்லாம் அதே வழியில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும், அவற்றில் பாதியை 4,800 இல் சேர்த்தே இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று: இன்னொரு குடும்பத்தின் பயணத்தை உங்கள் பெயரில் புக் பண்ணுவது. தீவுகளுக்குத் தாராளமாகப் போங்கள்.

இனி அந்த 12,000 யூரோக் கடன். 7 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 240 யூரோ, மொத்த வட்டி 2,250. டிஸ்போவை அடைக்க 5,400 மட்டும் இரண்டு வருடத்துக்கு எடுத்தாலும் மாதம் அதே 240 தான் வரும், ஆனால் மொத்த வட்டி 400. மாதத் தவணை ஒன்றாக இருப்பதால் பெரிய கடனும் எளிதாகத் தெரியும். இங்கேதான் கவனம் வேண்டும். முதலாவதில் உங்கள் மூத்த பிள்ளை பள்ளி முடித்த பிறகும் இந்த ஜூலையின் ரோட்ஸுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், அதிலும் பாதி வேறொரு வீட்டாரின் ரோட்ஸ்.

5,400 ஐ ராட்டன்கிரெடிட்டாக மாற்றுவது சரியான காரியம், அதைச் செய்யுங்கள். ஜெர்மன் சட்டப்படி டிஸ்போ எல்லையில் 75 வீதத்துக்கு மேல், சராசரியாக ஆறு மாதம் தொடர்ந்து பாவித்தால், அதைவிட மலிவான வழிகளைப் பற்றி வங்கியே உங்களைக் கூப்பிட்டு ஆலோசனை தர வேண்டும். 6,000 இல் 75 வீதம் 4,500. போன கோடையிலிருந்து நீங்கள் அதற்கு மேலேயே நிற்கிறீர்கள். வங்கியிலிருந்து ஏதாவது கடிதம் வந்து திறக்காமல் கிடக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நீங்களே நேரம் கேட்டுப் போங்கள். போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: டிஸ்போ எல்லையை 1,000 யூரோவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். அடைத்த டிஸ்போ 6,000 யூரோவாகத் திறந்தே கிடந்தால், அடுத்த கோடையில் தவணையும் இருக்கும், மைனஸும் இருக்கும்.

அந்த விடுமுறை வீட்டுப் பங்கைப் பற்றி நீளமாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் பங்கு 8,000, அதுவும் கடன் வாங்கித்தான் கட்டுவீர்கள். பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் தனி, அதை ஏற்றுவது அவர்கள் கையில். விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. அதைவிட, மச்சான் தன் பாதியையும் வருடக் கட்டணத்தையும் நேரத்துக்குக் கட்டுவார் என்று நம்ப உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்கவும் கூடாது. ‘இன்றைக்கே கட்டினால் கழிவு’ என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தையே போதும், அவர்களோடு மேலே பேச வேண்டாம்.

மனைவி சொல்வதை நான் லேசாக எடுக்கவில்லை. கூப்பிட்டு விட்டவர் என்றால் அந்தக் காலத்தில் அவர் என்ன பாடுபட்டுக் காசு சேர்த்திருப்பார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நன்றிக்கு ஒரு வடிவம் கொடுங்கள். இருவரும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். கோர்ஃபுவின் 1,800 ஐ விட்டுவிடலாம் என்று பட்டால் விட்டுவிடுங்கள், அதை அவருக்குச் சொல்லியே விடுங்கள். ‘அண்ணா, அது எங்கள் கணக்கு, இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்’ என்று தங்கச்சியே சொல்லட்டும். கொடுத்தது கொடுத்ததாக இருக்கும், அவருக்கும் மரியாதை. இப்போது நடப்பது கொடுப்பதும் இல்லை, கடனும் இல்லை. அவர் மறந்துவிட்டதுபோல் இருக்கிறார், நீங்கள் நினைத்து நினைத்து வீட்டில் சண்டை போடுகிறீர்கள்.

3,000 ஐ விட வேண்டாம். மாதம் 125 என்றால் இரண்டு வருடத்தில் முடியும், உங்கள் 240 தவணையில் பாதி அதிலேயே போய்விடும். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே தடவையில் 3,000 தர முடியாதவர் மாதம் 125 தருவார். தராவிட்டாலும் உங்கள் திட்டம் உடையாது, ஏனென்றால் 240 ஐ உங்கள் சம்பளத்திலிருந்தே கட்டக்கூடியதாகத்தான் வைத்திருக்கிறோம்.

சரி, இந்த ஜூலை. பயணத்துக்கென்று 3,200 ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், ஜூனில் விடுமுறைப் பணம் 1,300 வரும் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். ஆக 4,500. அதுதான் எல்லை. 11,000 இல் உங்கள் வீட்டுப் பங்கு 5,500 க்கும் மேலே போகும், அதனால் பத்து இரவை ஏழாக்குங்கள், நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்குங்கள். நீச்சல் குளத்துக்குக் காசு கட்டி, கடலில் குளிக்கத்தானே போகிறீர்கள்.

ரோட்ஸ் பழைய நகரம் காசு அதிகம் கேட்காத இடம். புனித யோவான் வீரத்துறவிகள் 1309 இலிருந்து 1522 வரை ஆண்ட மதில் நகரம் அது, 1988 இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வீரர்களின் தெருவில் நடக்கக் கட்டணம் இல்லை. பெருந்தலைவர் மாளிகைக்குள் போகத்தான் டிக்கெட். உங்கள் பிள்ளைகளிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தால், 25 வயதுக்குட்பட்ட ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குக் கிரீஸின் அரசுத் தொல்லியல் இடங்களில் நுழைவு இலவசம். அடையாள அட்டையை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஜூலை வெயிலில் மாமியைக் காலை பத்து மணிக்கு முன்னும் மாலையிலும் மட்டும் கூட்டிப்போங்கள்.

பட்மோஸ் யார் ஆசை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மாமியின் ஆசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். யோவான் திருவெளிப்பாடு எழுதினார் என்று நம்பப்படும் குகையும், 1088 இல் தொடங்கிய மடமும் அங்கே இருக்கின்றன. அந்தத் தீவில் விமான நிலையம் இல்லை, ரோட்ஸிலிருந்து கப்பலில் போகவே பாதி நாள் எடுக்கும். ஒரே நாளில் போய்வரும் திட்டம் வயதானவருக்கு ஆகாது. இரண்டு இரவு அங்கே தங்குங்கள். அந்த இரண்டு இரவையும் பயணத்தின் நடுவில் வையுங்கள், கடைசியில் வைக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வீசும் மெல்டெமி வடகாற்று பலமானால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். கடைசி நாளில் அப்படி மாட்டினால் ஐந்து பேருக்கும் புது விமான டிக்கெட் வாங்க வேண்டி வரும். கோஸ் தீவுக்குப் பறந்தால் பட்மோஸ் கிட்ட. விலை சரிவந்தால் ரோட்ஸை அடுத்த வருடத்துக்கு விட்டு, இந்த வருடம் கோஸும் பட்மோஸும் பாருங்கள். ஹிப்போகிரட்டீஸ் பிறந்த தீவு, பழைய வைத்தியசாலைக் கோயிலின் இடிபாடுகள் ஊருக்குப் பக்கத்திலேயே.

மச்சானும் வரட்டும். அதே தேதி, அதே ஹோட்டல், பக்கத்து அறை. அவர் புக் பண்ண வேண்டிய லிங்கை அனுப்பிவிடுங்கள், கார்டு அவருடையது. ‘எனக்கு இணையத்தில் புக் பண்ணத் தெரியாது’ என்றால் நேரில் போய் அவருடைய கார்டை வைத்துப் பண்ணிக்கொடுங்கள். சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர். கார் வேண்டுமென்றால் இரண்டு கார்.

மாதக் கடைசிக்கு முன்னால் அவரிடம் பேச வேண்டும், வட்ஸ்அப்பில் வேண்டாம். வேலை, மாதத் தவணை, வங்கி என்று நீட்டி விளக்காமல் இப்படிச் சொல்லுங்கள்: ‘மச்சான், வங்கியில் டிஸ்போவைக் குறைக்கப் போகிறோம். இந்த முறை என்னால் எங்கள் ஐந்து பேருக்குத்தான் புக் பண்ண முடியும். கோர்ஃபுக் கணக்கை விடுவோம், கிரீட் கணக்கை மாதம் 125 ஆகத் தாருங்கோ.’ மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். ‘அப்படியென்றால் நாங்கள் வரவில்லை’ என்று அவர் சொன்னால், வரவேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை என்பதை மட்டும் அமைதியாகச் சொல்லிவிட்டு, உங்கள் ஐந்து டிக்கெட்டையும் அன்றைக்கே எடுங்கள்.