காசோலையில் கையொப்பமிடும் முன்

பண்டாரவளை வாசகி ஒருவர் கண்ணாடிக் குவளைகளில் ஜெல் மெழுகுதிரி வார்த்து, உள்ளே காய்ந்த தேயிலைப் பூக்களையும் கறுவாப்பட்டைத் துண்டுகளையும் பதித்து விற்று வருகிறார். எல்லவிலுள்ள விருந்தினர் விடுதி ஒன்றில் அவர் கொடுத்த குவளை வெடித்து, மேசையும் திரைச்சீலையும் கருகிவிட்டன. விடுதி உரிமையாளர் 320,000 ரூபா கேட்கிறார். வாசகிக்குத் தரவேண்டிய 48,000 ரூபாவையும் தர மறுத்து, பலர் முன்னிலையில் ஏசியும் இருக்கிறார். அவர் கேட்கும் மூன்று பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

சகோதரி, கொடுக்க வேண்டாம்.

அவர் ஏசியது உங்களை வருத்தியிருக்கும். ஆனால் இந்தப் பிணக்கில் அதற்கு இடமில்லை. தீப்பற்றும் பொருளைத் திரிக்கு அருகே பதித்து, எச்சரிக்கை எதுவும் ஒட்டாமல் விற்றீர்களா என்பது ஒன்றே கேள்வி. கனிம எண்ணெயை இறுகச் செய்து உண்டாக்கும் ஜெல் சாதாரண மெழுகைவிடச் சூடாக எரியும். காய்ந்த பூ அந்த எண்ணெயில் ஊறி இன்னொரு திரியாகிவிடும். சிப்பியோ கண்ணாடி மணியோ பதித்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். எரிப்பதற்கென விற்ற பொருள் அதற்குத் தகுதியற்றது என, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி அவர் வாதிட்டால், அதை முறியடிப்பது கடினம்.

ஆளில்லாத அறையில் எரியவிட்டுச் சென்றது அவருடைய கவனயீனம். இரு தரப்பிலும் பிழை இருந்தால் நட்டஈட்டைக் குறைக்க 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. உங்கள் கையிலுள்ள பலம் அதுதான்.

அந்தப் பலத்தை இழந்து என்னிடம் வந்தவர்கள் பலர். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய “என் பிழைதான், எப்படியாவது கட்டிவிடுகிறேன்” என்ற குரல் பதிவு ஏற்கெனவே ஓர் ஒப்புதலாகிவிட்டது. இனி ஒரு சொல்லும் அனுப்பாதீர்கள். காசோலை அதைவிட ஆபத்தானது. கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் குற்றவியல் வழக்கைச் சந்திக்க நேரும். கருகிய மேசையின் உண்மையான பெறுமதி என்ன என்பதை அதன் பிறகு எவரும் கேட்கப்போவதில்லை. பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து, வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய இணக்கத்தில் கையொப்பம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். நட்டஈட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் பொலிஸாருக்கு இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கு நீங்கள் வழக்கிட 1 வருடமே உண்டு. தீங்குக்காக அவர் வழக்கிட 2 வருடங்கள் உண்டு. பேசிப் பேசி இழுத்தடித்தால், உங்கள் 48,000 ரூபா காலாவதியான பின்னும் அவருடைய வழக்கு உயிரோடிருக்கும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள், அதுவும் விரைவாக. சேதத்துக்கான பற்றுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி, உங்கள் பாக்கியை அதில் கழித்து, “உரிமைகளுக்குப் பாதகமின்றி” (அதாவது, இதை உங்களுக்கு எதிரான ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது) என்ற தலைப்புடன் ஒரு சட்டத்தரணி மூலம் தொகையொன்றை முன்வையுங்கள். அவர் இணங்கினால், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்னரே, பணத்தை வங்கி மூலம் செலுத்துங்கள்.

பூ பதித்த குவளைகள் வேறு விடுதிகளிலும் இருந்தால், இந்த வாரமே எழுத்தில் அறிவித்துத் திரும்பப் பெறுங்கள். ஆபத்தை அறிந்த பின் இன்னோர் அறை எரிந்தால், அந்த வழக்கில் என்னால் உங்களுக்குச் சொல்லக்கூடிய எதிர்வாதம் எதுவும் இராது.