100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் தொடராகக் கட்டினால் 40 வாட்தான் பளிச்சென்று எரிகிறது. ஏன்?

கேட்டவர் பழைய குண்டு பல்புகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் கட்டி, பிளக்கில் சொருகிப் பார்த்திருக்கிறார். 40 வாட் நன்றாக எரிய, 100 வாட்டில் கம்பி மட்டும் லேசாகச் சிவந்து நின்றுவிட்டதாம். அப்படியானால் பல்பில் அச்சடித்த வாட் பொய்யா என்கிறார்.

பொய்யில்லைங்க. பக்கத்திலேயே 230 வோல்ட் என்றும் அச்சடித்திருப்பார்கள், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முழு 230 வோல்ட்டும் தனக்கே கிடைத்தால்தான் அந்தப் பல்பு 100 வாட் எடுக்கும். தொடரில் கட்டினால் வோல்ட் பங்காகிவிடும்.

வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை வரும். 100 வாட்டுக்கு 529 ஓம், 40 வாட்டுக்குச் சுமார் 1322 ஓம். தொடரில் இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே கரண்ட். அதனால் தடை எதில் அதிகமோ அதில்தான் சூடும் வெளிச்சமும் அதிகம். கணக்குப்படி 40 வாட்டுக்கு 164 வோல்ட், 100 வாட்டுக்கு மீதி 66.

நிஜத்தில் இடைவெளி இதைவிடப் பெரிது. 529 ஓம் என்பது டங்ஸ்டன் கம்பி வெள்ளைச் சூட்டில் இருக்கும்போது உள்ள தடை. அதே பல்பை அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 40 ஓம் பக்கம்தான் காட்டும். 66 வோல்ட் மட்டும் கிடைக்கிற 100 வாட் கம்பி முழுச்சூடு ஏறாது. சூடு குறைய தடை இறங்கும், தடை இறங்க அதன் பங்கு இன்னும் சுருங்கும். கடைசியில் 40 வாட் பல்பு 190 வோல்ட் பக்கம் எடுத்துக்கொள்ள, மற்றதுக்கு 40 வோல்ட்கூட மிஞ்சாது. நீங்கள் பார்த்த சிவப்பு அதுதான். (குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் போவதற்கும் இந்த ஆறிய கம்பிதான் காரணம். அந்த ஒரு கணம் கரண்ட் பத்து மடங்கு பக்கம் பாயும்.)

இதை வைத்துத்தான் என் பிழைப்பே ஓடுகிறது. வேலந்தாவளம் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை. பாலக்காடு மாவட்டம்தான், சோதனைச் சாவடி தாண்டினால் கோயம்புத்தூர். கடைச் சுவரில் ஒரு சீரிஸ் போர்டு: ஃபேஸ் ஒயரில் 100 வாட் குண்டு பல்பு, அதைக் கடந்து ஒரு பிளக் பாயிண்ட். ரிப்பேருக்கு வருகிற எதையும் முதலில் அதில் சொருகுவேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சம் காட்டும், பியூஸ் போகாது. சீலிங் ஃபேன் நன்றாக இருந்தால் பல்பு மங்கலாக எரிய, ஃபேன் சோம்பலாகச் சுற்றும். ஒயர் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது.

இஸ்திரிப் பெட்டிதான் புதுப் பையன்களை ஏமாற்றும். 1000 வாட் பெட்டியின் தடை 53 ஓம்தான். பல்புக்கே 209 வோல்ட் போய்விடும், கிட்டத்தட்ட முழுசாக எரியும். "அண்ணா, பெட்டி ஷார்ட்டுங்க" என்பான். ஷார்ட் ஒன்றும் இல்லை, பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. ஃபேஸை ஒரு முனையிலும் மோட்டார் பாடியை மறுமுனையிலும் வைத்து, பல்பு எரியவில்லை, பாடியில் கரண்ட் இல்லை என்று சொல்லி மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. 100 வாட் பல்பின் முழு கரண்ட் 435 மில்லியாம்ப். 30 மில்லியாம்ப் கசிந்தால் அதன் கம்பி சிவக்கக்கூடச் சிவக்காது. ஆளைக் கொல்ல அதுவே போதும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஈஎல்சிபி ஸ்விட்சை வீட்டில் 30 மில்லியாம்புக்கு வைப்பது அதனால்தான். கசிவு பார்க்க மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர் வேண்டும், பல்பு உதவாது.

உங்கள் இரண்டு பல்பு விளையாட்டு தெரு அளவில் நடப்பதும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் ஆடிக்காற்றில் இங்கே தென்னை மட்டை கம்பிமேல் விழுவது சாதாரணம். போஸ்டில் நியூட்ரல், அதாவது எல்லா வீட்டுக் கரண்டும் திரும்பிப் போகும் பொதுக் கம்பி அறுந்தால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராகிவிடும். ஒரு வீட்டில் 2000 வாட் ஹீட்டர், அதாவது 26 ஓம். மற்ற வீட்டில் 100 வாட்டுக்கு விளக்குகள் மட்டும், 529 ஓம். விளக்கு வீட்டுக்கு 380 வோல்ட் போகும். கொஞ்சமாகக் கரண்ட் எடுத்த வீட்டில்தான் பல்பும் டிவியும் கருகும். "நாங்க ஒண்ணுமே போடலீங்களே" என்று அவர்கள் சொல்வது உண்மை. அதிகம் போடாததால்தான் அடி அவர்களுக்கு. விளக்கு திடீரென்று பளீரென்றால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

குண்டு பல்பு விற்பனைக்கு 2020 நவம்பர் முதல் தடை என்று கேரள பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லதுதான், எனக்கு மட்டும் தலைவலி. போர்டுக்கு வேண்டிய பல்பைக் கோயம்புத்தூரில்தான் வாங்குகிறேன். எல்இடி இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சர்க்யூட் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சத்தைச் சமமாக வைக்கப் பார்க்கும். சின்னக் கசிவுக்கே மினுக்கவும் செய்யும். அதன் வெளிச்சத்தை வைத்து எதையும் அளக்க முடியாது. இரண்டு எல்இடியைத் தொடராகக் கட்டினாலும் 529, 1322 என்ற கணக்கு செல்லாது.

திரும்பவும் செய்து பார்க்க ஆசையென்றால் வீட்டுக் கரண்ட் வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி ஒன்று, கார் பிரேக் லைட்டின் 21 வாட் பல்பு, பார்க்கிங் லைட்டின் 5 வாட் பல்பு போதும். தொடராகக் கட்டுங்கள். 5 வாட் ஏறக்குறைய முழுசாக எரியும். 21 வாட் பல்பு ஃபியூஸ் போனதோ என்று கழற்றிப் பார்க்கத் தோன்றும்.