கான்டனீஸில் ஊர்க்காரரை அழைக்கும் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே ஊர்க்காரரை, தென்சீன மொழியான கான்டனீஸில் என்னவென்று சொல்வது?

பதில்: பேச்சில் ‘ஹ்யோங் லெய்’, எழுத்திலும் சங்கப் பெயர்களிலும் ‘துங் ஹ்யோங்’. ஊர்ச் சங்கம் ‘துங் ஹ்யோங் வுய்’ எனப்படும். ஆனால் ‘ஹ்யோங் லெய்’க்கு முன்னால் ‘பெரிய’ என்னும் பொருளுடைய ‘டாய்’ சேர்த்துவிடாதீர்கள். அது நகர நடப்பு அறியாத பட்டிக்காட்டான் என்னும் ஏளனமாகிவிடும்.

கேள்வி: சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் வழங்கும் ‘லாவ்ஷியாங்’ என்பதையே கான்டனீஸ் உச்சரிப்பில் சொல்லலாமா?

பதில்: புரியும், ஆனால் மாண்டரின் வாடை வீசும். ‘ஹ்யோங் லெய்’ என்பதே இயல்பு.

கேள்வி: ஹாங்காங்கில் பிறந்த என் தோழி, தான் பார்த்தேயிராத, தென்சீனாவின் தோய்சான் மாவட்டத்தைத் தன் ஊர் என்கிறாள். இது சரியா?

பதில்: முற்றிலும் சரி. அவர் சொல்வது ‘ஹ்யோங் ஹா’, அதாவது தந்தைவழி முன்னோரின் ஊர். ‘உங்கள் ஹ்யோங் ஹா எது?’ என்று ஒருவர் கேட்டால் அவர் உங்கள் பிறப்பிடத்தை விசாரிக்கவில்லை. உங்கள் குடும்பம் எங்கிருந்து புறப்பட்டது என்றே கேட்கிறார்.

கேள்வி: அப்படியானால் தோய்சான்காரரும் சன்வுய்காரரும் ஹ்யோங் லெய் ஆக முடியாது. இரண்டும் வேறு வேறு மாவட்டங்கள் அல்லவா?

பதில்: இதை ஏற்க மாட்டேன். இச்சொல்லின் எல்லை, பேசுபவர் ஊரைவிட்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விரியும். தோய்சானுக்குள் ஒரே கிராமத்தாரே ஹ்யோங் லெய். குவாங்சௌ நகரில் மாவட்டம் முழுவதும் அதில் அடங்கும். சான் பிரான்சிஸ்கோவிலோ தோய்சான், சன்வுய், ஹோய்பிங், யன்பிங் ஆகிய நான்கும் ‘செய் யாப்’, அதாவது நான்கு மாவட்டங்கள், என்னும் ஒரே பெயரின்கீழ் சேர்ந்தன. உங்கள் வாதத்துக்கும் வலுவுண்டு: 1853-இல் அந்நகரத்துத் தோய்சான்காரர்கள் செய் யாப் சங்கத்திலிருந்து பிரிந்து தமக்கென நிங் யங் சங்கத்தை அமைத்தனர். 1822-இல் தொடங்கிய சிங்கப்பூர் நிங் யங் சங்கமும் தோய்சான்காரர்களுடையதே. 1914 வரை தோய்சானுக்கு சன்னிங் என்று பெயர். ‘நிங்’ அதிலிருந்து வந்தது. ஆயினும் சங்கம் பிரிந்ததால் ஹ்யோங் லெய் என்னும் அழைப்பு மாவட்ட எல்லைக்குள் சுருங்கிவிடவில்லை.

கேள்வி: ‘லாவ்ஷியாங்’ கூடாதா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஹக்கா மொழியில் எப்படி?

பதில்: ஹக்கா அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வயதில் மூத்த ஊர்க்காரரை மரியாதையாக ‘டாய் ஹ்யோங் லெய்’ எனலாமா?

பதில்: கூடவே கூடாது, முதல் பதிலிலேயே எச்சரித்தேன். முதியவரின் குடும்பப் பெயருடன் ‘பாக்’ சேர்த்து, ‘சான் பாக்’ என்பதுபோல அழையுங்கள்.