பாஸ்தாவுக்கான தக்காளி சோஸ் நீர்த்துப்போவது ஏன்?

கேள்வி: பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பாஸ்தாவுக்குத் தக்காளி சோஸ் செய்கிறேன். தட்டில் போட்டதும் தண்ணீர் பிரிந்து ஓடுகிறது. புளிப்பும் தூக்கலாக இருக்கிறது. சோளமாவும் சீனியும் சேர்த்தால் கடைச் சோஸின் சுவை வந்துவிடுகிறது. மொத்தமாகச் செய்து போத்தலில் அடைத்து ஒரு மாதம் வைக்கலாமா? எங்கள் ஊர் குளிர்தானே. (நுவரெலியா வாசகி)

பதில்: உங்கள் சோஸ் போதிய அளவு வற்றவில்லை. தக்காளிப்பழத்தின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர் என்பதால், அதைச் சோளமாவால் இறுக்கினால் சோஸ் தடிக்குமே தவிர சுவை கூடாது. ஒரு கிலோ பழம் சுமார் 400 கிராமாக வற்ற வேண்டும்; அது நான்கு பேருக்குப் போதும்.

புளிப்புக்குக் காரணம் பெரும்பாலும் பழம்தான். சந்தைக்கு வருபவற்றில் பல செங்காயாகவே பறிக்கப்பட்டவை. வாங்கிய அன்றே சமைத்தால் புளிப்பே மேலோங்கும். கனிந்த வாழைப்பழம் ஒன்றுடன் கடதாசிப் பையில் இட்டு, சமையலறையில் சூடு படும் ஓரிடத்தில் இரண்டு மூன்று நாட்கள் வைத்தால், வாழைப்பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு அவற்றைப் பழுக்க வைக்கும். அதுவரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில் பழம் ஒழுங்காகப் பழுக்காது, மணமும் கெடும்.

விதையை அகற்றிவிடும்படி பல சமையல் குறிப்புகள் கூறும். நான் அதற்கு உடன்படுவதில்லை. சுவைக்கு ஆழம் தரும் குளுட்டமேட், சதையைவிட விதையைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதியில்தான் அதிகம் இருக்கிறது. பழத்தைக் குறுக்காக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கரட் துருவியில் தேய்த்தால், விழுது கீழே விழ, தோல் மட்டும் கையில் மிஞ்சும்.

அலுமினியச் சட்டி தக்காளியின் அமிலத்தோடு வினைபுரியும் என்பதால், எவர்சில்வரிலோ ஒட்டாத பூச்சுள்ளதிலோ அகன்ற பாத்திரமாக ஒன்றை எடுத்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விடுங்கள். ஒலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும்; தேங்காயெண்ணெயின் மணம் இதற்குப் பொருந்தாது. ஒரு வெங்காயம் அல்லது லீக்ஸின் வெள்ளைப் பகுதியைப் பொடியாக அரிந்து, சிறிய கரட் ஒன்றைத் துருவிச் சேர்த்து, சிவக்கவிடாமல் பத்து நிமிடம் இளந்தீயில் வதக்குங்கள். உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் இந்தக் கரட்டே சீனியின் வேலையைச் செய்துவிடும். புளிப்பில் வெங்காயம் எளிதில் மசியாது என்பதால், அது முற்றிலும் குழைந்த பிறகே, மூன்று பல் வெள்ளைப்பூண்டை நசுக்கிப் போட்டு, மணம் எழுந்ததும் தக்காளி விழுதையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் சேர்க்க வேண்டும்.

மூடாமல் முப்பது நாற்பது நிமிடம், அடிபிடிக்காமல் கிளறி வற்றவிடுங்கள். நேரத்தைவிடச் சட்டியைப் பார்ப்பதே மேல்: முதலில் பெரிய குமிழிகளோடு கொதிக்கும் விழுது பின்னர் கனமாகத் தெறிக்கத் தொடங்கும், அகப்பையால் இழுத்தால் அடி தெரியும் தடம் உடனே மூடாது நிற்கும், ஓரங்களில் செம்மஞ்சள் நிற எண்ணெய் பிரிந்து வரும். அப்போது இறக்கலாம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், பொதியில் குறித்துள்ள நேரத்தில் பாஸ்தா வேகாது. சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்படும், கடித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நடுவில் சற்றுக் கெட்டியாக இருக்கும்போதே வடித்து, வேகவைத்த தண்ணீரில் அரைக் கோப்பையோடு சோஸில் இட்டு ஓரிரு நிமிடம் பிரட்டினால், அத்தண்ணீரின் மாப்பசை எண்ணெயையும் சோஸையும் பிணைத்துப் பாஸ்தாவில் ஒட்டச் செய்யும்.

போத்தலில் அடைத்து வெளியே வைப்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். வெங்காயமும் பூண்டும் கரட்டும் சேர்ந்ததும் சோஸின் அமிலத்தன்மை குறைகிறது; காற்றுப் புகாத போத்தலுக்குள் பொட்டுலினம் என்ற உயிராபத்தான நச்சு உருவாக அது இடமளிக்கும், போத்தலைக் கொதிநீரில் வைத்து எடுப்பதும் அந்த நச்சை உண்டாக்கும் பக்டீரியாவின் வித்துகளை அழிக்காது. உங்கள் சமையலறை எவ்வளவு குளிர்ந்தாலும் குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகைக்கு ஈடாகாது. பெட்டியில் மூன்று நான்கு நாட்கள் வைக்கலாம். ஒரு மாதத்துக்கு வேண்டுமானால், ஆறியதும் ஒருவேளைக்கான அளவுகளாகப் பிரித்து, உறையும்போது விரிவதற்கு மேலே சிறிது இடம் விட்டு, உறைபெட்டியில் வையுங்கள்; மூன்று மாதம் வரை சுவை குன்றாது.