அடைத்த பல்லின் ஈறு மட்டும் ஏன் வீங்குகிறது?

கேள்வி: ரங்கூனில் இருக்கிறேன், வயது 46. இரண்டு வருடத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வெள்ளி ஃபில்லிங் வைத்தார்கள். ஆறு மாதமாக அந்த இடத்து ஈறு மட்டும் வீங்கி, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. கடையில் தரும் மாத்திரைப் பொட்டலம் சாப்பிட்டால் நான்கு நாள் அடங்குகிறது. பக்கத்தில் ஈறு கருநீலமாகவும் இருக்கிறது. நாக்கில் வெள்ளை படிகிறது. ஃபில்லிங்கில் உள்ள பாதரசம் ஈறை அரித்து மூளைக்கு ஏறும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் ஈறைப் பாதரசம் அரிக்கவில்லை அம்மா. வெள்ளி ஃபில்லிங்கின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். ஆனால் அது வெள்ளி, தகரம், செம்போடு சேர்ந்து இறுகிப்போனது. மெல்லும்போது வரும் ஆவி மிகச் சொற்பம். நன்றாக இருக்கும் ஃபில்லிங்கைத் தோண்டும்போதுதான் கூடுதலாக வரும். அதனால் பயத்துக்காக மட்டும் எடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் வெள்ளி ஃபில்லிங்கை ஏறக்குறைய நிறுத்திவிட்டது உண்மை. பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கம்.

கருநீலம், பெரும்பாலும் ஃபில்லிங் துகள் ஈறுக்குள் தங்கியதால் வருவது, பச்சை குத்தியதைப் போல. பெரிதாகாத வரை கவலை வேண்டாம். நாக்கை வழியுங்கள், வெள்ளை பெரும்பாலும் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது 'அந்த இடத்து ஈறு மட்டும்' என்பதுதான். வாய் முழுக்க ரத்தம் வந்தால் பெரும்பாலும் பற்காரை படிந்திருக்கும், சுத்தம் செய்தால் தீரும். ஃபில்லிங்கை ஒட்டி ஒரே இடத்தில் ஆறு மாதம் வந்தால் அதன் விளிம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பற்களுக்கு நடுவே அடைக்கும்போது பல்லைச் சுற்றி மெல்லிய தகடு கட்டி, அடியில் சின்ன ஆப்பு செருகுவோம். கொத்தனார் பலகையை இறுக்காவிட்டால் கான்கிரீட் பிதுங்கி வெளியே இறுகி நிற்குமே, அதுபோல ஆப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் ஃபில்லிங் ஈறுக்கடியில் திண்ணை மாதிரி நீட்டிக்கொள்ளும். அந்தத் திண்ணைக்கு அடியில் பிரஷ் போகாது. கிருமி தங்கும், ஈறு வீங்கும், அப்புறம் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. வலியே இல்லாமல் இது நடப்பதால்தான் ஆறு மாதம் விட்டுவிட்டீர்கள்.

இன்று இரவே பார்த்துவிடலாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை (ஃப்ளாஸ்) அந்த இடுக்கில் மெல்ல இறக்கி மேலே இழுங்கள். சிக்குகிறதா, பிரிபிரியாகக் கிழிகிறதா, மொஹிங்காவின் (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) வாழைத்தண்டு நார் தினமும் அங்கேயே மாட்டுகிறதா? அப்படியென்றால் இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். சீழ் வந்தாலோ, பல் ஆடினாலோ, கன்னம் வீங்கினாலோ மறுநாளே போங்கள்.

அவர் எக்ஸ்ரே எடுத்து விளிம்பைப் பார்ப்பார். நீட்டியதைச் சீவிவிடலாம், முடியாவிட்டால் ஃபில்லிங்கை மாற்றலாம். ஆம், இந்தக் காரணத்துக்காக எடுப்பது சரி. ஆனால் பல் நிறத்தில் வைக்கும் ஃபில்லிங்கும் விளிம்பு சரியில்லாவிட்டால் இதையேதான் செய்யும்.

அந்தப் பொட்டலத்தை தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்கு நாள் வீக்கம் அடங்குகிறது, உள்ளே திண்ணை அப்படியே நிற்கிறது. இப்படி அடக்கி அடக்கி, ஒரு ஃபில்லிங்கைச் சீவினால் முடிந்திருக்க வேண்டிய பல்லைக் கடைசியில் பிடுங்க நேர்ந்ததை நான் பலமுறை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்பதில்லை. குன்யா (வெற்றிலைப் பாக்கு) போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சர்க்கரை கூடினால் ஈறு எளிதில் ஆறாது.

நூல் கிழிந்தால் அதைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு போங்கள். எந்த இரண்டு பற்களுக்கு நடுவே கிழிந்தது என்று காட்டினால், மருத்துவர் நேரே அந்த இடத்துக்குப் போவார்.